பாட்டியை இப்போதே ஒட்டாதீர்கள்: சிறுவர் கதைக்குக் கொலாஜ் படம் செய்வது எப்படி

சிறுவர் கதைகளுக்குக் கொலாஜ் முறையில், அதாவது காகிதத் துண்டுகளை அடுக்கி ஒட்டி, படம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன பசை வாங்கலாம்?" என்பதுதான். பசையைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் அது வெகுநேரம் கழித்து வர வேண்டிய விஷயம். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகக் காகிதத்தை வெட்டியும் கிழித்தும் கதாபாத்திரங்கள் செய்துவருகிறேன். எவ்வளவு தாமதமாக ஒட்டுகிறேனோ அவ்வளவு உயிருள்ள கதாபாத்திரம் கிடைக்கிறது என்பதை ஒவ்வொரு புத்தகத்திலும் மறுபடி பார்க்கிறேன். ஒட்டாத காகிதம் நகரும். நகரும்வரை பாட்டி சிரிக்கலாம், முறைக்கலாம், பேருந்தில் தூங்கி வழியலாம். ஒட்டிவிட்டால் அந்த ஒரு முகம்தான்.

பேச வசதியாக ஒரு சின்னக் கதையை வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி புளோக் ஒன்றில் ஒரு பாட்டி, தினமும் காலையில் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போகிறார், ஒரு மைனா விடாமல் பின்னாலேயே வருகிறது. இவ்வளவுதான் கதை. இந்தப் பாட்டியையும் மைனாவையும் காகிதத்தில் செய்வோம்.

முதலில் காகிதம். பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளுக்குப் போனால் தாள்கள் ஆசை காட்டும். போய்ப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள், முதல் நாளே பணத்தைக் கொட்ட வேண்டாம், ஏனென்றால் வீட்டிலேயே நிறைய இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் கடித உறையைப் பிரித்து உட்பக்கம் பாருங்கள். உள்ளே இருக்கும் எழுத்து வெளியே தெரியாமலிருக்க நீலத்திலோ சாம்பல் நிறத்திலோ பொடிப்பொடியாகக் கோடும் வலையும் அச்சடித்திருப்பார்கள். என் படங்களில் வரும் கடல், மழை, பாட்டியின் நரைத்த கொண்டை எல்லாம் அந்த உறைகளிலிருந்து வந்தவைதான். சந்தை இருக்கும் தேக்கா நிலையக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கும் தையல்கடைகளில் வெட்டி ஒதுக்கிய துண்டுத்துணி கேட்டுப் பாருங்கள், சேலைக்கரைக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. நாசி லெமாக் சோறு கட்டும் பழுப்புத் தாளும் அருமையானது. ஆனால் அதன் உட்பக்கம் பூச்சு இருக்கும், அந்தப் பக்கத்தில் பசை பிடிக்காது. சாப்பிட்டு முடித்த தாளையும் எடுக்காதீர்கள், எண்ணெய் மெதுவாகப் பக்கத்துத் தாளுக்கும் ஏறிவிடும். கடைக்காரரிடம் புதுத் தாள் ஒன்றைக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

சிலவற்றை நான் தொடுவதில்லை. கடை ரசீது வெப்பத்தால் அச்சாகும் தாள், நாளாக நாளாக எழுத்து மங்கும், சூடு பட்டால் கறுக்கும். செய்தித்தாள் அழகுதான், ஆனால் மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டதும் மஞ்சளடிக்கத் தொடங்கிவிடும். அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் நல்ல தாளில் நகலெடுத்து அந்த நகலை வெட்டுங்கள். சாமி படம் போட்ட நாட்காட்டியின் நிறங்கள் கையை இழுக்கும், இருந்தாலும் முருகன் முகத்தில் கத்தரி வைக்க எனக்கு மனம் வருவதில்லை, புத்தகத்தை வாங்கும் பெற்றோருக்கும் அது பிடிக்காது. சீன அண்டைவீட்டார் தங்கள் நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் எரிக்கும் தங்கத் தகடு ஒட்டிய தாளும் அப்படித்தான். அது இறந்தவர்களுக்குக் கொடுக்கும் தாள், குழந்தைப் புத்தகத்தில் மினுக்குக்காக வைக்கும் பொருளாக அதை நினைக்காதீர்கள்.

இப்போது நிறம். இது எனக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கடையில் தோல் நிறம் என்று விற்கிற தாள் பெரும்பாலும் வெளிறிய இளஞ்சிவப்பு. நம் பிள்ளைகளின் தோல் அந்தத் தாளில் இல்லை. பழுப்பு என்று ஒரே ஒரு தாளை வாங்கிப் பாட்டி, அம்மா, பேரன் மூவருக்கும் அதையே வெட்டிப்போடுவதும் சரியில்லை, ஒரே குடும்பத்தில் எத்தனை பழுப்பு இருக்கிறது என்று பொங்கலன்று எடுத்த குடும்பப் படத்தைப் பார்த்தாலே தெரியும். அதனால் நிறத்தை நீங்களே பூசுங்கள். அக்ரிலிக்கில் பர்ன்ட் சியன்னாவும் யெல்லோ ஓக்கரும் அடிப்படை. கருமை கூட்டக் கறுப்பைச் சேர்க்காதீர்கள், தோல் செத்துப்போன மாதிரி ஆகிவிடும், அதற்குப் பதில் அல்ட்ராமரின் நீலம் ஒரு சொட்டு போதும். 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) அளவுள்ள தாளில் பட்டையான தூரிகையால் பூசுங்கள், தூரிகைத் தடம் தெரியட்டும், அது பின்னால் கன்னத்தின் சுருக்கமாகவும் கையின் எலும்பாகவும் வேலை செய்யும். ஒரு கதாபாத்திரத்துக்கு வேண்டிய தாள் முழுவதையும் ஒரே நாளில் பூசிவிடுங்கள், ஏ3 அளவில் பத்துத் தாளாவது. ஏழாம் பக்கத்தில் தாள் தீர்ந்து மறுபடி கலக்கினால் அதே பழுப்பு வரவே வராது, குழந்தைகள் உடனே, "இந்தப் பாட்டி வேற பாட்டி" என்று சொல்லிவிடுவார்கள்.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் கடைசிக் காலத்தில் கத்தரியால் படம் செய்தபோது, உதவியாளர்கள் குவாஷ் என்ற ஒளிபுகாத நீர்வண்ணம் பூசிக்கொடுத்த தாள்களைத்தான் வெட்டினார். வெட்டிய துண்டுகளை உடனே ஒட்டவும் இல்லை. சுவரில் ஊசியால் குத்திவைத்து, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று இடம் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் வீட்டில் சுவருக்குப் பதில் ஒரு தக்கைப் பலகை போதும்.

வெட்டுவதும் கிழிப்பதும் இரண்டு வேறு குரல்கள். கத்தரி விளிம்பு கூர்மையாகப் பேசும்: தள்ளுவண்டி, மின்தூக்கி, புளோக்கின் சன்னல்கள். கிழித்த விளிம்பு மென்மையானது: முடி, இறகு, மேகம், மீன்கடைத் தரையின் ஈரம். காகிதத்துக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. ஒரு செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள், அப்புறம் குறுக்காகக் கிழியுங்கள், ஒரு திசையில் நேராகப் போகும், இன்னொரு திசையில் கோணல்மாணலாக ஓடும். மைனாவின் கழுத்து இறகுக்கு அந்தக் கோணல்தான் வேண்டும். வண்ணம் பூசிய தாளைக் கிழிக்கும்போது ஒரு துண்டில் வெள்ளை விளிம்பு தெரியும், மற்றதில் தெரியாது. எந்தக் கையில் இருக்கும் துண்டில் வெள்ளை வருகிறது என்று ஓரத்தில் கிழித்துப் பார்த்துக்கொண்டு, பிறகு நல்ல தாளில் கைவையுங்கள். அலைநுரைக்கு வெள்ளை விளிம்பு வேண்டும், பாட்டியின் தாடைக்கு வேண்டாம்.

சரி, பாட்டி. முதலில் கறுப்புத் தாளில் பாட்டியின் நிழலுருவத்தை மட்டும் வெட்டி அறையின் மறுகோடியில் வைத்துப் பாருங்கள். கண் இல்லை, சேலை நிறம் இல்லை, வெறும் உருவம். அது பாட்டி என்று தெரிகிறதா, பாட்டியின் குணம் தெரிகிறதா? என் முதல் பாட்டி யாரோ ஒரு குண்டான அத்தை மாதிரி இருந்தார். கொண்டையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, முதுகை முன்னால் சாய்த்து, தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பின்னால் இழுத்ததும்தான் அவசரமாகப் போகிற ஒரு பிடிவாதக்காரப் பாட்டி கிடைத்தார். தோற்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தோலில் வெட்டிய பாவையின் முகம் மாறுவதே இல்லை, கையின் வீச்சும் உடலின் சாய்வும்தான் அழவும் சிரிக்கவும் வைக்கும்.

உருவம் சரியான பிறகு துண்டுகளைக் குறையுங்கள். என் பாட்டி பதினொரு துண்டு: முகம், கொண்டை, இரண்டு கண், இரண்டு இமை, மூக்கு, சேலை, கரை, இரண்டு கை. கால் கிடையாது, சேலை மறைத்துவிடுகிறது. கையை ஸ்பிளிட் பின் என்ற, கால் இரண்டாக விரியும் ஊசியால் தோளில் பிணைத்தால் வேண்டிய பக்கம் திருப்பலாம், எல்லாக் காட்சிக்கும் நிலைகளை முயன்று பார்க்க அந்தப் பொம்மைப் பாட்டி ஒருவரே போதும்.

கண்ணுக்கு அலுவலகத்தில் தாளில் துளைபோடும் பஞ்சரின் வட்டத்துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் கண்ணைக் கீழே இறக்கினால் வயது குறையும், மேலே ஏற்றினால் கூடும். இமைகள்தான் என் ரகசியம். முகத்தைவிட ஒரு படி கருத்த பழுப்பில் சின்ன அரைவட்டம் இரண்டு வெட்டி, சாமணத்தால் எடுத்துக் கண்மேல் வையுங்கள். முழுக்க மூடினால் தூக்கம். இரண்டு மில்லிமீட்டர் மேலே தள்ளுங்கள், மீன்காரர் சொன்ன விலையை நம்பாத பார்வை. மூக்குப் பக்கம் சாய்த்தால் கோபம், காதுப் பக்கம் சாய்த்தால் வருத்தம். மூச்சுவிட்டால் பறந்துவிடும் அளவு துண்டு அது. நான் பெரும்பாலும் வாயே வைப்பதில்லை, இமையும் தலையின் சாய்வும் செய்ய முடியாததைத்தான் வாய்க்கு விடுவேன். பக்கத்தில் ஒரு குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு இமையை நகர்த்தி, "இப்ப பாட்டி என்ன நினைக்கிறாங்க?" என்று கேளுங்கள். பதில் நீங்கள் நினைத்ததோடு பொருந்தும் இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துவைத்துவிடுங்கள், ஒட்டுகிற நாளில் அந்தக் குறி தேவைப்படும்.

மைனாவில் நான் ஒரு தப்பு செய்தேன். தமிழ்நாட்டில் சின்ன வயதில் பார்த்த நினைவிலிருந்து பழுப்பு உடலும் கண்ணைச் சுற்றி மஞ்சளுமாக ஒரு மைனா செய்து, பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒரு பையன், "இது எங்க புளோக் மைனா இல்ல" என்றான். கீழ்த்தளத்துக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. இங்கே கோப்பிக்கடை மேசைகளுக்கு நடுவில் தத்திக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஜாவா மைனா: கருஞ்சாம்பல் உடல், மஞ்சள் அலகு, மஞ்சள் கால், அலகுக்கு மேலே சின்னக் குடுமி. அந்தக் குடுமியைக் கிழித்த கறுப்பு டிஷ்யூ தாளில் செய்ததும் பறவைக்குக் குணமே வந்துவிட்டது. நினைவிலிருந்து செய்யாதீர்கள், போய்ப் பாருங்கள்.

அடுத்து பக்கங்கள். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், ஏனென்றால் பெரிய தாளை மடித்து 16 பக்கக் கட்டுகளாக அச்சடிக்கிறார்கள். தலைப்பு, பதிப்புரிமைப் பக்கங்கள் போக 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள் கதைக்குக் கிடைக்கும். உள்ளங்கை அளவில் ஒரு மாதிரிப் புத்தகம் தைத்து, அதில் ஓரளவு வெட்டிய துண்டுகளை மறைப்பு நாடாவால் (மாஸ்கிங் டேப்) தற்காலிகமாக நிறுத்திப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். நடுமடிப்பில் முகம் வரக் கூடாது, பாட்டியின் மூக்கு தையலுக்குள் போய்விடும். ஓரங்களில் படத்தை 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டுங்கள், அச்சகத்தில் வெட்டும்போது வெள்ளைக்கோடு விழாது.

தமிழ்ப் புத்தகம் என்றால் எழுத்துக்கு இடம் விடுவதைப் பற்றி இன்னும் அதிகம் யோசிக்க வேண்டும். 'இழுத்துக்கொண்டிருந்தார்' என்ற ஒரே சொல் பாதி வரியைத் தின்றுவிடும். கொம்பும் சுழியும் விசிறியும் மேலும் கீழும் இடம் கேட்கும். இருமொழிப் புத்தகத்தில் ஆங்கிலப் பத்தியைவிடத் தமிழ்ப் பத்தி நீளமாகவே வரும். அதனால் கதை வரிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்செடுத்து, அந்தத் துண்டையும் கொலாஜில் இன்னொரு துண்டாக மேசையில் வைத்து நகர்த்துங்கள். அதன் பின்னணி அமைதியான ஒரே நிறத் தாளாக இருக்கட்டும், உறையின் பொடிக்கோட்டின்மேல் எழுத்தை வைத்தால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற தொடக்கநிலை 1 பிள்ளைக்குக் கண் தடுமாறும். செய்தித்தாள் நகலின் துண்டை எங்கே பயன்படுத்தினாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். ஒருமுறை சந்தைக் கூரைக்கு நான் வெட்டிய துண்டில் 'காலமானார்' என்ற சொல் முழுதாக இருந்தது, அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள்தான் கண்ணில் பட்டது. படிக்கக் கற்றுக்கொள்கிற குழந்தை கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படிக்கும்.

ஒட்டாமல் இருங்கள் என்று நான் இவ்வளவு சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிப்பகத்துக்காக 14 இரட்டைப் பக்கத்தையும் ஒட்டி முடித்துக் கொடுத்தேன். சேலை சிவப்பாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று அப்போது சொன்னார்கள். பச்சைச் சேலையை மாதிரிப் புத்தகத்திலேயே பார்த்து சரி என்றவர்கள்தான், ஆனால் எழுத்தில் எதுவும் இல்லை. கத்தியால் சுரண்டியபோது அடித்தாளும் சேர்ந்து கிழிந்தது. ஆறு வாரம் போனது, கூடுதலாக ஒரு வெள்ளி வரவில்லை. அதன் பிறகு ஒட்டாத நிலையிலேயே எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறேன், ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகுதான் பசை டப்பாவைத் திறக்கிறேன். எத்தனை முறை திருத்தம், அதற்கு மேல் போனால் எவ்வளவு கட்டணம், மூலப்படம் யாரிடம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்தில் போட்டுவிடுங்கள்.

இப்போது பசை. அடித்தாள் 300 ஜிஎஸ்எம் இருந்தால் எளிதில் வளையாது. பெரிய துண்டுகளுக்கு அமிலமில்லாத பிவிஏ என்ற வெள்ளைப் பசை, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மெல்லிய அடுக்காக, ஓரம் வரைக்கும். டிஷ்யூ தாளுக்குப் பசையை அடித்தாளில் தடவி அதன்மேல் தாளைக் கிடத்துங்கள், டிஷ்யூவில் தடவினால் கையோடு வந்துவிடும். இமை மாதிரிப் பொடித்துண்டுக்குப் பல்குத்தும் குச்சியின் நுனியில் ஒரு புள்ளி போதும். மைதாப் பசை வேண்டாம், ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைப்பது மாதிரி. சிங்கப்பூரில் ஒட்டுவதற்கு நேரமும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும், மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். காலையில் ஒட்டிய தாள் ஈரத்தை இழுத்து உப்பி, மதியம் சுருங்கி, அலை அலையாக நிற்கும். நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து நாலு மணிக்குள் முடித்துவிடுவேன். ஒட்டியதும் மேலும் கீழும் கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள்.

வருடியில் (ஸ்கேனர்) படியெடுக்கும்போது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள், அச்சுக்கு 300 போதும் என்றாலும் பெரிதாக்க இடம் இருக்கும். துண்டுகள் தடிமனாக எழும்பி நின்றால் வருடி மங்கலாக்கும், அப்போது கேமராவில் எடுங்கள். வெளிச்சம் எல்லாப் பக்கத்திலும் ஒரே பக்கத்திலிருந்து, நான் இடது மேல்மூலையில் வைக்கிறேன். இல்லையென்றால் மூன்றாம் பக்கத்தில் பாட்டியின் நிழல் வலப்பக்கம் விழும், நான்காம் பக்கத்தில் இடப்பக்கம் விழும்.

இதழ்களிலிருந்து வெட்டிய நிழற்படங்களை அப்படியே புத்தகத்தில் போடாதீர்கள், அதை எடுத்தவருக்கு உரிமை உண்டு. உங்களுக்கும் உண்டு. சிங்கப்பூரின் 2021 காப்புரிமைச் சட்டம், படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறது. அட்டையில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில் ஓவியர் பெயரும் வர வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மற்ற ஓவியர்களின் மூலப்படங்களை நேரில் பார்க்க ஆசை இருந்தால், சிங்கப்பூர் புத்தக மன்றம் 2010 முதல் நடத்திவரும் ஏஎஃப்சிசி என்ற சிறுவர் இலக்கிய விழாவுக்குப் போங்கள், அச்சில் தெரியாத விளிம்பும் பசைத்தடமும் மூலத்தில்தான் தெரியும்.

எல்லாம் முடிந்த பிறகும் பாட்டியின் மிச்சத் தாள்களைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு பெரிய உறையில் போட்டு, மேலே என்னென்ன வண்ணம் எந்த அளவில் கலந்தீர்கள் என்று எழுதி, கறுப்பு நிழலுருவத்தையும் பொம்மைப் பாட்டியையும் கூடவே வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூடுங்கள். என் அலமாரியில் அப்படி ஒன்பது உறை இருக்கிறது. பாட்டிக்கு இரண்டாம் கதை எழுதியிருப்பதாகப் போன மாதம் எழுத்தாளர் அழைத்தார், இந்த முறை பாட்டி பேரனோடு எம்ஆர்டி ரயிலில் போகிறாராம், உறையைத் திறந்து இமைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.